நெல்லியடிப் பலகாரக் கடையும் 750இல் ஒரு மணி நேரமும்

நெல்லியடியில் பேருந்துகள் நிற்கும் இடத்திலிருந்து நூறு அடிகூட நடக்கத் தேவையில்லாத தூரத்தில், முன்புறம் ஒரு கண்ணாடிப் பெட்டியும் பின்புறம் இரண்டு விறகடுப்புகளுமாக, பெயர்ப்பலகை இல்லாத ஒரு பலகாரக் கடை இருக்கிறது. தீபாவளிக்கு முந்திய வாரம் அங்கே பயற்றம் பணியாரம், சீனி அரியதரம், முறுக்கு, தட்டை வடை ஆகிய நான்கையும் வாங்கி, யாழ்ப்பாணம் செல்லும் 750ஆம் இலக்கப் பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்து, வீட்டு மேசையில் திறந்து பார்த்த பின்னரே இதனை எழுதுகிறேன். கடை வாசலில் நின்றபடி சூட்டோடு கடித்துப் பார்த்துவிட்டுப் பலகாரத்துக்குத் தீர்ப்புச் சொல்வதில் எனக்கு உடன்பாடில்லை, ஏனென்றால் சூட்டோடு எல்லாப் பலகாரமும் நன்றாகத்தான் இருக்கும். பெட்டியில் அடுக்கி, பேருந்தில் ஏற்றி, இனத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்து, அங்கேயும் ஒரு கிழமை கெடாமல் இருப்பதற்கென்றே நம்மவர்கள் இவற்றைச் சுட்டு வந்தார்கள்.

இந்த வழக்கம் எனக்கு வேலைக்குப் போன காலத்திலேயே ஒட்டிக்கொண்டது. இருபத்திரண்டு ஆண்டுகள் நான் யாழ்ப்பாண நகரத்தில் ஒரு கந்தோரில் எழுதுவினைஞராக இருந்தேன். காலை ஆறரை மணிப் பேருந்தில் நெல்லியடியில் ஏறினால் வல்லை, ஆவரங்கால், புத்தூர், சிறுப்பிட்டி, நீர்வேலி, கோப்பாய், இருபாலை, கல்வியங்காடு என்று ஒவ்வொரு தரிப்பிடமும் அந்தந்த ஊர்ச் சாமான்களோடு உள்ளே ஏறும். நீர்வேலியில் வாழைக்குலை, கோப்பாயில் கீரைக் கட்டு, ஆவரங்காலில் வெங்காயப் பை என்று, வழி தெரியாத ஒருவரைக் கண்ணைக் கட்டி இருத்தினால்கூட மணத்தை வைத்தே ஊரைச் சொல்லிவிடுவார். 1958 ஜனவரி முதலாம் திகதி தனியார் பேருந்துக் கம்பனிகள் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவான நாளிலிருந்து, எங்கள் அப்பா அதனை அதன் ஆங்கிலப் பெயரின் சுருக்கமாகச் ‘சி.ரி.பி.’ என்றே கடைசிவரை சொன்னார். தனியார் மினிபஸ் ஓடத் தொடங்கிய பிறகும் அவருக்கு வீதியில் ஓடிய பேருந்து எல்லாம் சி.ரி.பி.தான்.

சித்திரை வருடப்பிறப்பும் தீபாவளியும் கழிந்த அடுத்த வேலைநாளில் அந்தப் பேருந்தின் மணமே மாறிவிடும். எங்கள் வீட்டில் சுட்டதில் கந்தோர்க்காரருக்கென்று ஒரு பங்கை அம்மா பனையோலை மூடல் பெட்டியில் அடுக்கித் தருவார். “பெட்டியை மேலை வையுங்கோ, ஆக்கள் நிக்க இடமில்லை” என்று நடத்துநர் எத்தனை தடவை சொன்னாலும் மடியை விட்டு எடுக்கக்கூடாது என்பது அம்மாவின் கட்டளை. காரணம் வல்லை வெளி. நெல்லியடியைக் கடந்ததும் வீடுவாசல் எதுவுமின்றி இரண்டு பக்கமும் வெறும் தரவையும் தொண்டைமானாறு நீரேரியும் விரிந்து கிடக்கும் அந்த இடத்தில், காற்று பேருந்தை ஒரு பக்கமாகத் தள்ளும். யுத்தக் காலத்தில் திருத்தப்படாமல் கிடந்த வீதியோ கீழிருந்து தூக்கிப் போடும். “வல்லை தாண்டினால் பணியாரம் தப்பும்” என்று அம்மா சொல்வதை நான் நகைச்சுவையாக எடுத்துக்கொண்டதேயில்லை.

வழியில் சோதனைச்சாவடிகள் இருந்த ஆண்டுகளில் இன்னொரு சங்கடமும் இருந்தது. எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் நடக்கவேண்டும், பைகள் திறக்கப்படும். ஒரு தீபாவளிக்கு மறுநாள் எனது மூடல் பெட்டியைத் திறந்த இளைஞன் ஒருவன் பயற்றம் பணியாரம் ஒன்றை எடுத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதை இரண்டாக உடைத்தான். உள்ளே பழுப்பு நிற மாவைக் கண்டதும் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். நான் மற்றப் பாதியை எடுத்து வாயில் போட்டுக் காட்டினேன். அவனும் தன் கையிலிருந்த பாதியைச் சாப்பிட்டான். அதற்குப் பின் அவன் பெட்டியை மூடிய விதம், அதைத் திறந்த விதத்திலும் பார்க்க மிகவும் கவனமாக இருந்தது.

இனிக் கடைக்கு வருகிறேன். நான்கு பலகாரங்களில் இந்தக் கடையை மதிப்பிட உகந்தது பயற்றம் பணியாரமே, ஏனென்றால் அதில் குறுக்குவழி போனால் உடனே பிடிபட்டுவிடும். எங்கள் வீட்டுக் கணக்கு இதுதான்: வறுத்துக் கோது நீக்கித் திரித்த பயற்றம் மா 4 சுண்டு, வறுத்த அரிசி மா 1 சுண்டு, பெரிய தேங்காய் ஒன்று, சீனி 2 சுண்டு, மிளகு 2 தேக்கரண்டி, சீரகம் 1 தேக்கரண்டி, ஏலக்காய் பத்து. தேங்காய்ப்பூவைப் பொன்னிறம் தாண்டிச் சற்றுக் கபில நிறம் வரும்வரை, கையில் எடுத்து நசித்தால் நொறுங்கும் பதத்துக்கு வறுக்கவேண்டும். ஈரம் ஒரு துளி தங்கினாலும் மூன்றாம் நாள் காறத் தொடங்கிவிடும். சீனியைப் பாகாக்கி மாக்கலவையில் ஊற்றிக் கிளறி, கை பொறுக்கும் சூட்டிலேயே உருட்டி முடித்துவிட வேண்டும், ஆறவிட்டால் உருண்டை பிடிபடாது. பிறகு அரிசி மாவும் கோதுமை மாவும் தேங்காய்ப்பாலும் உப்பும் துளி மஞ்சளும் சேர்த்துக் கரைத்த கரைசலில் தோய்த்துத் தேங்காய் எண்ணெயில் பொரித்தெடுக்கலாம். கரைசல் தடித்தால் பணியாரம் கவசம் போட்டதுபோல் இருக்கும். தண்ணீராகிவிட்டால் உள்ளிருக்கும் மா எண்ணெய்க்குள் கரைந்து சட்டி முழுவதும் கறுத்துப்போகும்.

கடைக்காரி நாற்பது வயது மதிக்கத்தக்கவர். “பிள்ளை, இது எப்ப சுட்டது?” என்று கேட்டேன். “முந்தநாள் பின்னேரம் சுட்டதம்மா. இண்டைக்குச் சுட்டது சூடு ஆறேல்லை, அதைப் பாசல் பண்ணித் தரமாட்டன்” என்றார். இந்த ஒரு பதிலுக்காகவே நான் இருபது பணியாரம் வாங்கினேன். ஒன்று 50 ரூபா.

வீட்டில் திறந்தபோது இருபதில் ஒன்றில் மாத்திரம் மேலோடு வெடித்திருந்தது; மற்றப் பத்தொன்பதும் முழுதாக வந்து சேர்ந்திருந்தன. வல்லை வீதி இப்போது தார் போட்டுச் சீராக இருப்பதால் அதில் பாதிப் பெருமை வீதிக்குப் போகவேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். மேலோடு மெல்லியது, கடித்தால் சத்தம் கேட்கிறது. பயறு நன்றாக வறுபட்டிருக்கிறது. தேங்காயையும் அவசரப்படாமல் வறுத்திருக்கிறார். குறை ஒன்றுதான்: மிளகு போதாது. முதலில் இனிப்பு, விழுங்கும்போது தொண்டையில் இலேசான உறைப்பு என்று வரவேண்டிய பலகாரம், இங்கே முதலிலிருந்து கடைசிவரை இனிப்பாகவே நிற்கிறது. வெளிநாட்டிலிருந்து வந்துபோகிறவர்களின் பிள்ளைகள் உறைப்பென்று துப்பிவிடுகிறார்கள் என்று கடைக்காரி விளக்கம் சொன்னார். பிள்ளைகளுக்கு வேறாகச் சுட்டு விற்கலாம் என்பது எனது கருத்து.

சீனி அரியதரம் பழுதில்லை. பச்சரிசியை ஊறவைத்து இடித்து, அரித்தெடுத்த ஈர மாவில் சீனி சேர்த்து ஓர் இரவு வைத்திருந்து சுடும் பலகாரம் அது. சீனி அளவு மீறினால் உருண்டை எண்ணெயில் உடைந்து பரவும் என்பதால், அரியதரம் சுடும் நாளில் அம்மா யாரோடும் பேசமாட்டார். இந்தக் கடையின் அரியதரம் உருண்டு திரண்டு அழகாக இருக்கிறது, உள்ளே சற்று இறுக்கம். இரண்டாம் நாள் அது தணிந்து, தேநீரோடு சாப்பிட நன்றாக இருந்தது.

முறுக்கை மாத்திரம் வாங்கவேண்டாம். பலமுறை கொதித்த எண்ணெயின் சிக்கு மணம் பையைத் திறந்ததுமே வந்தது. பயற்றம் பணியாரத்துக்கு அவ்வளவு அக்கறை எடுத்தவர், எண்ணெய்ச் சட்டியின் கடைசிச் சூட்டை முறுக்குக்கு ஒதுக்கிவிட்டார் என்று நினைக்கிறேன்.

தட்டை வடையோ வேறு கதை. பருத்தித்துறை வடை என்று இலங்கை முழுவதும் பெயர் பெற்ற இந்த வடையை அதன் சொந்த மண்ணும் நெல்லியடி இருக்கும் பகுதியுமான வடமராட்சியில் மோசமாகச் சுட்டால் மன்னிக்க முடியாது. இவர்கள் மோசமாகச் சுடவில்லை. ஊறவைத்த உழுந்தும் கோதுமை மாவும் கலந்த கலவையில் இடித்த செத்தல் மிளகாயும் பெருஞ்சீரகமும் கறிவேப்பிலையும் கண்ணுக்குத் தெரிகின்றன, வடை வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் மங்கலாகத் தெரியுமளவு மெல்லியதாகத் தட்டப்பட்டிருக்கிறது. பத்து வடை கொண்ட பை 200 ரூபா. மடியில் இருந்த பையில் மூன்று வடைகள் உடைந்துபோயின, ஆனால் அந்தத் துண்டுகளைத்தான் வீட்டில் முதலில் சாப்பிட்டு முடித்தார்கள்.

எனது உண்மையான முறைப்பாடு பொதி செய்யும் முறை பற்றியது. நான் போன நாள் ஐப்பசி மழை விடாமல் பெய்துகொண்டிருந்தது. பேருந்தின் யன்னல்கள் எல்லாம் மூடப்பட்டு, நின்றவர்களின் ஈரக் குடைகளிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கோப்பாய் வந்தபோது குனிந்து பார்த்தேன், பணியாரம் இருந்த பிளாஸ்ரிக் பையின் உட்புறம் வியர்த்திருந்தது. அந்த வியர்வை மேலோட்டில் இறங்கினால் எவ்வளவு நன்றாகப் பொரித்ததும் நமத்துப்போகும். அம்மாவின் மூடல் பெட்டி மழை நாளிலும் வியர்த்ததில்லை, ஓலைப் பின்னலின் இடுக்குகளால் சூடும் ஈரமும் தானாக வெளியேறிவிடும். அடியில் ஒரு வெள்ளைத் தாளும், ஒவ்வொரு அடுக்குக்கும் இடையில் இன்னொரு தாளும் விரித்தால் எண்ணெயையும் அதுவே உறிஞ்சிக்கொள்ளும். கலியாண வீட்டுப் பலகாரச் சூட்டுக்கு இன்றும் நாள் பார்த்து அடுப்பு மூட்டுகிற நாம், சுட்டதை எதில் வைப்பது என்பதை மாத்திரம் எப்படி மறந்தோமோ தெரியவில்லை. பொரிந்தது நமத்துப்போகும் முன்னர் இருபாலையிலேயே பையின் வாயை அவிழ்த்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பாடசாலைப் பிள்ளை மணம் பிடித்துத் திரும்பிப் பார்த்தாள், ஒன்று கொடுத்தேன். ஆகவே நான் மேலே சொன்ன இருபது என்ற கணக்கில் அவள் சாப்பிட்ட இருபத்தோராவது பணியாரம் சேரவில்லை. அதைக் கடைக்காரி கைவிசேடம்போல் மேலதிகமாகப் போட்டுத் தந்திருந்தார்.

போக விரும்புகிறவர்களுக்குச் சில விடயங்கள். பகல் பத்து மணிக்குப் பின் போனால்தான் முதல் நாள் சுட்டு ஆறியவை கண்ணாடிப் பெட்டிக்கு வந்திருக்கும். பின்னேரம் நான்கு மணிக்குப் பிறகு பயற்றம் பணியாரம் முடிந்துவிடுகிறது. ஐம்பதுக்கு மேல் வேண்டுமானால் இரண்டு நாள் முன்னதாகச் சொல்லவேண்டும், அப்போது மிளகைக் கூட்டச் சொல்லியும் கேட்கலாம். நான் தைப்பொங்கலுக்கு அப்படித்தான் சொல்லிவைத்திருக்கிறேன். சொந்தமாக ஓலைப் பெட்டி கொண்டுபோனால் அதிலேயே அடுக்கித் தருவீர்களா என்று கேட்டதற்கு, “பெட்டி இப்ப ஆரம்மா வைச்சிருக்கினம்? கொண்டு வாங்கோ, தாள் நான் போடுறன்” என்றார். திரும்பும்போது 750இல் பின்சக்கரத்துக்கு மேலே உள்ள இருக்கை கிடைத்தால் அதில் இருக்கவேண்டாம், அடுத்த பேருந்து வரும்வரை நிற்கலாம்.