செத்தவர் சொல்லும் கதை: இரண்டு நாவல்களில் எதை முதலில் எடுப்பது?

ஆலிஸ் சீபோல்டின் 'தி லவ்லி போன்ஸ்' (2002) நாவலில் கொலைகாரன் யாரென்று ஆரம்பத்திலேயே தெரிந்துவிடும். 1973இல் கொல்லப்பட்ட 14 வயது சூசி, குடும்பம் துக்கத்தில் சிதறுவதை சொர்க்கத்திலிருந்து பார்க்கிறாள். துப்பறியும் விறுவிறுப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். பிற்பகுதி மெதுவாகவே நகரும்.

ஷெஹான் கருணாதிலக்கவின் 'தி செவன் மூன்ஸ் ஆஃப் மாலி அல்மேடா' (2022 புக்கர் பரிசு) நேரெதிர். 1990, கொழும்பு. போர்ப் புகைப்படக்காரர் மாலிக்குத் தன்னைக் கொன்றது யாரென்றே தெரியாது. அதைக் கண்டுபிடிக்க அவர் ஆவிக்குக் கெடு ஏழு இரவுகள். 1983இல் தமிழர்களுக்கு எதிராக நடந்த வன்முறையை அவர் எடுத்த படங்களும் அதற்குள் வெளிவர வேண்டும். ஆவிக்கதை, அரசியல், எள்ளல் எல்லாம் கலந்தது. பலரும் திணறுவது 'நீ' என்று முன்னிலையில் செல்லும் நடையிலும், இயக்கங்களின் சுருக்கப் பெயர்களிலும். தொடக்கத்தில் மாலி தரும் அந்தச் சுருக்கப் பெயர்ப் பட்டியலில் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள், அடிக்கடி திரும்ப வேண்டியிருக்கும்.

ஈழப் பின்னணி தெரிந்தவர்களுக்கு இரண்டாவதே முதலில்.