போட்னார் என்ற பெயரின் பூர்வீகம் தேடி: ஹங்கேரிய ஆவணத் தளங்களோடு என் அனுபவம்

என் கணவர் வீட்டார் ஒஹாயோவில் நாலு தலைமுறையாக இருக்கிறார்கள், குடும்பப் பெயர் போட்னார். அந்தப் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: ஹங்கேரிய மொழியில் பீப்பாய் செய்கிறவர் என்று அர்த்தம். சரி, ஆனால் எந்த ஊர், எந்தக் காலம், எந்த ஜனங்கள்? அதைத் தேடித்தான் சில வருடங்களாக இந்தத் தளங்களில் கிடக்கிறேன். எது உண்மையில் உதவியது, எதற்குக் காசு கொடுக்கத் தேவையில்லை என்று இதே வேலையில் இறங்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் ஒன்று. பெயரின் அர்த்தத்தைப் பிடித்துக்கொண்டு போகாதீர்கள், ஊரைப் பிடியுங்கள். கோவாச் என்றால் கொல்லர், ஸபோ என்றால் தையல்காரர், மோல்னார் என்றால் மாவு அரைக்கிறவர். இந்தப் பெயர்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குத் தனித்தனியாக ஒட்டிக்கொண்டவை. ஆனாலும் எங்கள் பெயர் ஒரு துப்புக் கொடுத்தது. பீப்பாய்த் தொழிலாளிக்கு ஹங்கேரியில் மூன்று பெயர்கள் உண்டு. ஜெர்மன் செல்வாக்கு இருந்த மேற்கில் பின்டேர், நடுச் சமவெளியிலும் இன்று ருமேனியாவில் இருக்கும் டிரான்சில்வேனியாவிலும் காடார், ஸ்லாவியர்கள் பக்கத்தில் வாழ்ந்த வடகிழக்கில் போட்னார். அதனால் தேட வேண்டிய திசையாவது தெரிந்தது.

ஊரைக் கொடுத்தது கப்பல் பயணிப் பட்டியல். அமெரிக்காவுக்கு வந்த குடியேறிகளைச் சோதித்த நியூயார்க்கின் எல்லிஸ் தீவில் அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று எல்லாக் குடும்பத்திலும் ஒரு கதை இருக்கும், அது உண்மையில்லை. கப்பல் கம்பெனி ஐரோப்பாவிலேயே எழுதிக் கொடுத்த பட்டியலை வைத்துத்தான் அவர்கள் சரிபார்த்தார்கள். 1907 முதல் அந்தப் பட்டியலில் பிறந்த ஊரும் சொந்த ஊரில் இருக்கும் நெருங்கிய உறவினரின் பெயரும் முகவரியும் உண்டு. கொள்ளுத்தாத்தாவின் வரியில் இருந்தது ஸெம்ப்ளேன் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊர். டோக்காய் ஒயின் விளையும் மலையடிவாரம் அது. 136 லிட்டர் பிடிக்கிற கோன்ட்ஸ் பீப்பாய் என்ற அளவே அந்த ஒயினுக்காகப் புழங்கியதுதான், அந்த மண்ணில் பீப்பாய்க்காரர் பெயர் இருப்பதில் ஆச்சரியம் இல்லை.

ஊர் கிடைத்ததும் 1877ஆம் வருட டுவோர்ஷாக் ஊர் அகராதியைத் திறந்துவிடுங்கள். இதன் அருமை பலருக்குத் தெரியவில்லை. சின்ன ஊர்களில் எல்லா மதப் பிரிவுக்கும் கோயில் இருக்காது. கத்தோலிக்கர் எந்த ஊர்ப் பங்கைச் (தேவாலய வட்டத்தை) சேர்ந்தவர்கள், புராட்டஸ்டன்ட் பிரிவான கால்வினியர் எந்த ஊர், யூதர் எந்த ஊர் என்று அந்தப் புத்தகம் ஊர்வாரியாகச் சொல்லிவிடும். பதிவேடு எந்தப் பங்கில் இருக்கிறது என்று தெரியாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

அப்புறம் ஃபேமிலிசர்ச் என்ற வம்சாவளித் தளம். மோர்மன் திருச்சபை நடத்துவது, கணக்குத் தொடங்கினால் இலவசம், ஹங்கேரியைப் பொறுத்தவரை இதற்கு இணை கிடையாது. ஹங்கேரியில் பிறப்பு, திருமணம், இறப்புக்கான அரசுப் பதிவு 1895 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. அதற்கு முந்தையது முழுக்க தேவாலயப் பதிவேடு, பிந்தையது அச்சடித்த படிவம். ஆரம்பிப்பவர்கள் 1895க்குப் பிறகான திருமணப் பதிவிலிருந்து தொடங்குங்கள். மணமக்கள் இருவரின் பிறந்த தேதி, பிறந்த ஊர், மதம், தொழில், பெற்றோர் பெயர் எல்லாம் ஒரே பக்கத்தில் இருக்கும், தாயின் பிறந்த வீட்டுப் பெயர் உட்பட. ஹங்கேரியர்கள் இன்றைக்கும் அடையாள அட்டையில் தாயின் பெயரைப் போடுகிற ஜனங்கள், அந்த வழக்கம்தான் நம்மைக் காப்பாற்றுகிறது, ஏனென்றால் ஒரே ஊரில் ஒரே பெயரில் மூன்று மிஹாய் போட்னார் இருந்தால் யார் நம் ஆள் என்று பிரிக்க வேறு வழி இல்லை.

எங்களுக்குத் திருப்பம் வந்தது அந்தப் படிவத்தின் மதக் கட்டத்தில்தான். மாமனார் வீட்டில் எல்லோரும் ரோமன் கத்தோலிக்கர்கள். படிவத்திலோ கிரேக்கக் கத்தோலிக்கர் என்று இருந்தது. கிரேக்கர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். கிழக்கத்திய வழிபாட்டு முறையை வைத்துக்கொண்டே போப்பை ஏற்றுக்கொண்டவர்கள், 1646இல் இன்றைய உக்ரைனில் இருக்கும் உஷ்ஹொரோடில் நடந்த இணைப்பிலிருந்து வருகிற மரபு. வடகிழக்கு ஹங்கேரியில் இவர்களில் பெரும்பாலோர் கார்பாத்திய மலையிலிருந்து இறங்கி வந்த ருசின்கள் என்ற ஸ்லாவிய மக்கள். ஒரே ஒரு கட்டம், அதனால் தேட வேண்டிய பங்கு மாறியது, பதிவேடு மாறியது, எழுத்தே மாறியது. பழைய பக்கங்கள் சிரிலிக் கையெழுத்தில் இருந்தன, பிறகு லத்தீன், பிறகு ஹங்கேரியம். ஒரே மனிதர் ஒரு பக்கத்தில் வசில், இன்னொன்றில் பசிலியஸ், மகன் கல்யாணத்தில் லாஸ்லோ. இந்த மூன்றும் ஒரே ஆள் என்று புரிந்துகொள்ள மனைவி பெயரும் வீட்டு எண்ணும்தான் துணை.

தளத்தின் தேடல் பெட்டியை மட்டும் நம்பாதீர்கள். அட்டவணை போட்டவர்கள் போட்னாரை பெட்னார் என்றும் போட்னர் என்றும் படித்திருக்கிறார்கள். சந்தேகமான எழுத்துக்குப் பதில் நட்சத்திரக் குறி (*) போட்டுத் தேடுங்கள், அதிலும் கிடைக்காவிட்டால் பதிவேட்டுப் படங்களை வரிசையாகப் புரட்டுங்கள். சலிப்பான வேலைதான், ஆனால் புரட்டும்போது கிடைப்பது தேடலில் கிடைக்காது. 1831ஆம் வருட இறப்புப் பதிவு எனக்கு அப்படித்தான் கிடைத்தது. வருடத்தின் முதல் பாதியில் பக்கத்துக்குப் பல மாதங்கள் அடங்கியிருக்கின்றன. கோடை வந்ததும் ஒரே நாளில் வரிசையாகப் பெயர்கள், நோய்க் கட்டத்தில் காலரா என்று ஒருமுறை எழுதிவிட்டுக் கீழே மேற்படிக் குறிகள் மட்டும், எழுதியவருக்கு நேரமே இருந்திருக்காது. அந்த வருடம்தான் கிணற்றில் விஷம் கலக்கிறார்கள் என்ற பேச்சு கிளம்பி ஸெம்ப்ளேன் பக்கத்தில் விவசாயிகள் கலகம் செய்தார்கள். எங்கள் வம்சத்தின் ஒரு கிளை அந்தப் பக்கத்தோடு முடிந்துபோகிறது. குழந்தைகள் இரண்டு பேர், தாய், அடுத்தடுத்த வரிகளில்.

அதற்கு முன்னால் போக ஹங்காரிகானா. ஹங்கேரிய நூலகங்களும் ஆவணக்காப்பகங்களும் அருங்காட்சியகங்களும் சேர்ந்த இலவசத் தளம், 1715, 1720 நாடளாவிய வரிக் கணக்கெடுப்பின் பக்கங்களை ஊர்வாரியாக அதில் பார்க்கலாம். ஒன்றை மனதில் வையுங்கள்: அது வரி கட்டிய குடும்பத் தலைவர்கள் பட்டியல், பெயர் இல்லையென்றால் ஆள் இல்லை என்று அர்த்தமாகாது. எங்கள் ஊர்ப் பட்டியலில் போட்னார் கிடையாது. 1760களில் முதல்முறையாக ஞானஸ்நானப் பதிவில் வருகிறார்கள். ஆக, இடைப்பட்ட அந்த அரை நூற்றாண்டில் எங்கிருந்தோ வந்து குடியேறியிருக்கலாம் என்பது என் அனுமானம், உறுதியில்லை. துருக்கிய ஆட்சியும் அதற்குப் பிந்தைய போர்களும் காலி செய்த ஊர்களில் 18ஆம் நூற்றாண்டில் அப்படி வந்து நிரம்பியவர்கள் ஏராளம்.

ஆர்கானும் நிறுவனத்தின் வரைபடத் தளத்தையும் சொல்லியாக வேண்டும். 1780களில் அப்போது ஹங்கேரியை ஆண்ட ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் ராணுவம் வரைந்த நிலப்படத்தை இன்றைய படத்தின் மேல் வைத்துப் பார்க்கலாம். ஊரில் எத்தனை தெரு, திராட்சைத் தோட்டம் எந்தச் சரிவில், தேவாலயம் எங்கே என்று கண்ணெதிரே தெரிகிறது. முதல் உலகப் போருக்குப் பின் ஹங்கேரியின் எல்லையைக் குறுக்கிய 1920 டிரியனோன் ஒப்பந்தத்துக்குப் பிறகு ஸெம்ப்ளேன் மாவட்டத்தின் வடபகுதி செக்கோஸ்லோவாக்கியாவுக்குப் போய்விட்டது, அந்தப் பக்கத்து ஊர்களுக்கு இப்போது ஸ்லோவாக்கியப் பெயர், பதிவேடுகளும் ஸ்லோவாக்கியத் தொகுப்பில் தேட வேண்டும். எல்லை எங்கே ஓடுகிறது என்று பார்க்காமல் தேடினால் வாரக்கணக்கில் வீணாகும்.

காசு பிடுங்கும் இடம் ஒன்று உண்டு. குடும்பப் பெயரைக் கொடுத்தால் குலச் சின்னம் அச்சடித்துத் தருகிறோம் என்கிற தளங்கள். மாமனாருக்கு யாரோ அப்படி ஒன்றைச் சட்டம் போட்டுப் பரிசளித்திருந்தார்கள். அதே பெயருள்ள ஒரு பிரபு குடும்பம் எங்கோ இருந்தது என்பதால் அந்தச் சின்னம் நம்முடையது ஆகாது. பிரபு வம்சமாக இருந்தால் பதிவேட்டில் பெயருக்கு முன்னால் நொபிலிஸ் என்றோ நெமெஷ் என்றோ எழுதியிருப்பார்கள். எங்கள் பக்கங்களில் எங்கும் அது இல்லை. மாமனாரிடம் சொன்னேன், அவருக்கு வருத்தமில்லை, பதிவேட்டுப் பக்கத்தின் நகலைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

உங்கள் பெயர் தூய ஹங்கேரியமாக ஒலித்தால் இன்னொன்றைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஜெர்மன், ஸ்லாவிய, யூதப் பெயர்க்காரர்கள் ஏராளமாக ஹங்கேரியப் பெயருக்கு மாறினார்கள், 1881இல் அதற்கான கட்டணத்தை 5 ஃபோரின்ட்டிலிருந்து 50 கிராய்ட்ஸாராக, அதாவது பத்தில் ஒரு பங்காகக் குறைத்ததும் வேகம் கூடியது. கவிஞர் பெட்டோஃபி பிறப்பில் பெட்ரோவிச், கால்பந்து வீரர் புஷ்காஷ் பிறப்பில் புர்ட்ஸெல்ட். 1800 முதல் 1893 வரையான மாற்றங்களின் பட்டியல் 1895இல் புத்தகமாகவே வந்திருக்கிறது. அதற்குப் பிந்தையது என்றால் பிறப்புப் பதிவின் ஓரத்தைப் பாருங்கள், உள்துறை அமைச்சக ஆணை எண்ணோடு புதுப் பெயரைக் குறித்து வைத்திருப்பார்கள்.

நாட், டோட், ஹோர்வாட் மாதிரி ஊருக்கு ஊர் இருக்கும் பெயர் என்றால் பெயரை விட்டுவிட்டுத் தாய்வழியில் வரும் அபூர்வமான பெயரைப் பிடித்துப் பின்னோக்கிப் போங்கள், அதே பங்கில் உங்கள் ஆட்களும் கிடைப்பார்கள். எனக்கு அடுத்த வேலை மலைக்கு அந்தப் பக்கம், ஸ்லோவாக்கியத் தொகுப்பில் 1760க்கு முந்தைய கிரேக்கக் கத்தோலிக்கப் பதிவேடு எந்தெந்த ஊருக்கு மிஞ்சியிருக்கிறது என்று பட்டியல் போடுவது.