ஏலகிரிக் குளிருக்கு ஃபேன் ஹீட்டர் கட்டுப்படியாகுமா?

வேலூர் வெயிலை மட்டுமே அறிந்தவர்களுக்கு, இந்தப் பக்கத்தில் ஹீட்டர் வாங்குவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனால் பழைய வட ஆற்காட்டைச் சேர்ந்த, ஏறத்தாழ 1,100 மீட்டர் உயரத்திலுள்ள ஏலகிரியில் மார்கழி இரவில் சிமென்ட் தரையில் வெறுங்காலை வைக்க முடியாது. அங்குள்ள எங்கள் ஓட்டு வீட்டுக்காக வேலூரில் வாங்கிய 2,000 வாட் ஃபேன் ஹீட்டரைப் பற்றியதே இந்த மதிப்புரை.

சுவிட்சைப் போட்ட சில நிமிடங்களில் கட்டிலைச் சுற்றி இதமான சூடு பரவுகிறது. அணைத்தால் அதே வேகத்தில் போய்விடுகிறது. இரைச்சல் சற்று அதிகம். முழுத் திறனில் மணிக்கு 2 யூனிட் இழுப்பதால், நாளும் மூன்று மணி நேரம் ஓடினால் இரண்டு மாதக் கணக்கில் 360 யூனிட் கூடும். இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட் எந்த மூலைக்கு? விலை கூடிய, உள்ளே எண்ணெய் நிரப்பி மின்சாரத்தில் சூடாகும் ஆயில் ஹீட்டரும் ஒரு யூனிட்டுக்கு இதே அளவு வெப்பத்தைத்தான் தரும் என்பதால், அதைச் சிக்கனமானது என்று சொல்லி விற்பதை நான் ஏற்கவில்லை. சத்தமில்லாமல் இயங்குவதே அதன் சிறப்பு.

கதவடி இடைவெளியில் பழைய போர்வையைச் சுருட்டி வைத்து, ஓட்டுக்கு அடியில் தார்ப்பாய் கட்டிய பிறகு, 1,000 வாட் நிலையே எங்களுக்குப் போதுமானதாக இருக்கிறது. படுக்கையை மட்டும் சூடாக்கினால் போதும் என்பவர்கள், சுமார் 100 வாட் மின்போர்வையையே வாங்கலாம். அது இரவு முழுவதும் ஓடினாலும் ஒரு யூனிட்டைத் தாண்டாது. ஹீட்டர்தான் வேண்டுமென்றால், எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் மாட்டாமல், சுவரிலுள்ள 16 ஆம்ப் பிளக்கிலேயே மாட்டுங்கள்.