மதுபோதைச் சாரத்திய வழக்கு: ஸ்காபரோ சட்டத்தரணி ஒருவரின் சேவை பற்றி

மதுபோதையில் வாகனம் செலுத்தியதாக என் மைத்துனர்மீது கனடாவின் ஒன்ராறியோ பொலிஸார் குற்றம் சுமத்தியபோது, ஸ்காபரோவில் தமிழ் பேசும் குற்றவியல் சட்டத்தரணி ஒருவரை நாடினோம். மைத்துனரின் சொந்த விடயம் என்பதால் அலுவலகத்தின் பெயரைத் தவிர்க்கிறேன்.

கட்டணம் பற்றிப் பேசுமுன் அவர் கேட்டது, "நீங்கள் குடியுரிமை எடுத்துவிட்டீர்களா?" என்பதுதான். 2018 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சட்டம் இக்குற்றத்தின் உச்சத் தண்டனையை 10 ஆண்டுச் சிறையாக உயர்த்தியதால், 1,000 டொலர் அபராதத்தோடு முடியும் முதற்குற்றம்கூட நிரந்தர வதிவுரிமை மட்டும் உள்ளவரை நாடுகடத்தும் நிலைக்குத் தள்ளக்கூடும் என்று விளக்கினார். நாங்கள் முன்னர் தொலைபேசியில் விசாரித்த வேறோர் அலுவலகம் இதைக் கேட்கவேயில்லை. "வென்று தருகிறோம்" என்று மட்டும் சொன்னது.

ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்விகளையே நாங்களும் கேட்டோம். மூச்சுப் பரிசோதனைக் கருவியில் ஊத மறுத்திருந்தால் தப்பியிருக்கலாமா என்றதற்கு, மறுப்பதே தனிக்குற்றம், அதற்குக் குறைந்தபட்ச அபராதம் 2,000 டொலர் என்றார். காரோட்டும்போது இரத்தத்தில் மதுவின் அளவு குறைவாக இருந்தது என்ற வாதமும் இப்போது பெரிதாக எடுபடாதாம். வண்டியை நிறுத்தி இரண்டு மணி நேரத்துக்குள் 100 மில்லிலீட்டர் இரத்தத்தில் 80 மில்லிகிராம் அல்லது அதற்கு மேல் மதுசாரம் இருந்தாலே குற்றம். உடனடியாக விதிக்கப்பட்ட 90 நாள் அனுமதிப்பத்திர இடைநிறுத்தத்தைத் தன்னால் மாற்ற இயலாது என்பதையும் மறைக்காமல் சொன்னார்.

அவருடைய திறமை தெரிந்தது அரச தரப்பு ஆவணங்கள் வந்த பிறகுதான். இரு மூச்சு மாதிரிகளுக்கும் இடையே சட்டம் கேட்கும் 15 நிமிடம் இருந்ததா என்று பார்த்தார். பின்னர் பொலிஸ் நிலையக் காணொளியை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, சட்டத்தரணியுடன் பேசும் உரிமையை ஆங்கிலத்தில் வாசித்தபோது மைத்துனர் வெறுமனே தலையாட்டியதையும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமா என்று எவரும் கேட்காததையும் பென்சிலால் குறித்துக்கொண்டார். அந்தக் குறிப்பை வைத்தே அரச வழக்கறிஞருடன் பேசினார். கடைசியில் குற்றவியல் பதிவு விழாத, மாகாணப் போக்குவரத்துச் சட்டத்தின் கீழான கவனயீனச் சாரத்தியக் குற்றத்தை ஒப்புக்கொள்வதோடு வழக்கு முடிந்தது.

குறைகளும் உண்டு. தொலைபேசியில் அவரைப் பிடிப்பது பெரும்பாடு. பேசிய கட்டணத்தில் முழு விசாரணை அடங்காது என்பது ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில்தான் இருந்தது. கையெழுத்திடுமுன் அந்தப் பக்கத்தைத் தமிழில் விளக்கும்படி கேளுங்கள், மறுக்காமல் விளக்குவார்.