தர்மபுரி வெயிலில் நிறமிப் பாசி: டுனாலியெல்லாவா, ஹீமடோகாக்கஸா?

நைட்ரஜனை நிறுத்திப் பட்டினி போட்டு, வெயிலிலும் வாட்டினால் சில நுண்பாசிகள் நிறமியைச் சேர்த்துவைக்கும். டுனாலியெல்லாவில் ஆரஞ்சு நிறமியான பீட்டா கரோட்டின் உலர் எடையில் 10 சதவீதம் வரை போகும். ஹீமடோகாக்கஸில் சிவப்பு நிறமியான அஸ்டாக்சாந்தின் 3, 4 சதவீதம் வந்தாலே நல்ல விளைச்சல். இந்தச் சதவீதத்தை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. உப்புக் கணக்கையும் போட வேண்டும்.

டுனாலியெல்லாவுக்கு 10 சதவீதக் கரைசல் என்றாலே 1000 லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிலோ உப்பு. பாசியைத் தின்னும் அமீபா, சிலியேட்டு போன்ற ஒருசெல் உயிர்களைத் தள்ளிவைக்க உப்பை இன்னும் ஏற்ற வேண்டும். மழையில் கரைசல் நீர்த்தால் அவை நுழைந்துவிடும். தூத்துக்குடி, வேதாரண்யத்தில் உப்பு பாத்தியிலேயே விளைகிறது. இங்கே லாரியில் வர வேண்டும். அதைவிடப் பெரிய சிக்கல், அறுவடை முடிந்த உப்புநீர். மாந்தோப்பு ஓரம் திறந்துவிட்டால் மண்ணும் கிணறும் கெடும். கசியாத ஆவியாக்கும் தொட்டி கட்ட இடமில்லாதவர்கள் இதைத் தொடவே வேண்டாம். கெட்டியான செல்சுவரும் டுனாலியெல்லாவுக்குக் கிடையாது; வேகமான பம்பிலேயே செல் உடைந்து கரோட்டின் வீணாகும்.

ஹீமடோகாக்கஸ் நன்னீர்ப் பாசி. செல்கள் பெருகும் பச்சைக் கட்டத்தில் 20 முதல் 28 டிகிரிக்குள் இருக்க வேண்டும். சூடு கூடினால் பெருகுவதற்கு முன்பே சிவந்து, கெட்டிச் சுவர் கட்டி உறக்கநிலைக்குப் போய்விடும். மொத்த எடை தேறாது. ஆகவே தர்மபுரிக் கோடைக்கு ஆகாது. ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நவம்பர் முதல் பிப்ரவரி வரை செய்யலாம். ரோஜா வளர்த்த பாலிஹவுஸ் சும்மா கிடந்தால் நல்ல வசதி.

போர் தண்ணீர் கடினமானது, ஆர்ஓ தண்ணீரே பிடியுங்கள். லிட்டருக்கு 0.4 கிராம் பொட்டாசியம் நைட்ரேட், கொஞ்சம் பாஸ்பேட், நுண்சத்து, வைட்டமின் பி12 சேர்த்து நிழல்வலைக்கு அடியில் பெருக்குங்கள். நைட்ரேட் தீர்ந்ததைச் சோதனைத் தாளில் உறுதிசெய்தபின் வலையை விலக்கலாம். அப்போது செல் அடர்த்தி மிகக் குறைவாக இருந்தால் வெளுத்துச் சாகும்; மிக அதிகமென்றால் ஒன்றன் நிழலில் மற்றொன்று நின்று சிவக்காது. லிட்டருக்கு அரை கிராம் உலர் எடையை ஒட்டித் தொடங்குவது பாதுகாப்பு. உப்பு சேர்த்தால் சிவப்பு சீக்கிரம் வரும், ஆனால் கணிசமான செல்கள் செத்துப்போகும்.

பச்சை பழுப்பாகிக் கட்டி தட்டினால் பூஞ்சை ஒட்டுண்ணியைச் சந்தேகியுங்கள். பக்கத்துத் தொட்டிக்குப் பரவுமுன் மொத்தத்தையும் கொட்டி, தொட்டியைக் குளோரினால் கழுவ வேண்டும். சிவந்த செல்கள் காற்றை நிறுத்தியதும் தாமாகப் படியும், அறுவடை சுலபம். ஆனால் சுவர் கெட்டி. சிறு மணிகளோடு சேர்த்து அரைக்கும் பீட் மில்லில் உடைத்தால்தான் நிறமி கிடைக்கும். உடைத்தபின் ஆக்சிஜன் படாமல், குளிரில் வையுங்கள்.

தர்மபுரியிலேயே செய்ய வேண்டுமென்றால் ஸ்பைருலினா பொருந்தும். 30 முதல் 35 டிகிரி அதற்கு இதமானது. ஆனால் கணக்கு இங்கே தலைகீழ்: நைட்ரஜன் குறைந்தால் அது முதலில் கரைத்துத் தின்பது தன் நீல நிறமியான பைக்கோசயனினைத்தான். உச்சி வெயிலும் நீலத்தை வெளுக்கும். பட்டினி போடாமல், நிழல்வலை கட்டி, நேரடி வெயில் படாமல் 45 டிகிரிக்குக் கீழே உலர்த்துங்கள்.