சமையலறை நீட்ட பிளான் போட்ட இடம்: என் அனுபவம்

வீட்டை நீட்டிக் கட்டப் போகிறவர்கள் மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் பழைய கடை வரிசையின் மாடியில் இருக்கும் பிளான் ஆபிசுக்குப் போய்ப் பாருங்கள். கீழே மளிகைக் கடை. படி செங்குத்து, வயதானவர்களைப் பிடித்து ஏற்ற வேண்டும்.

முதலில் வேறு ஊரில் கேட்டிருந்தேன். கம்ப்யூட்டரில் கலர் படம் காட்டினார்கள். அழகாகத்தான் இருந்தது. ஆனால் எல்லாம் முடிவாகிவிட்ட மாதிரி தெரிந்ததால் அம்மா வாயே திறக்கவில்லை.

இங்கே பிளான் வரையும் பெரியவர் எங்கள் வீட்டுப் பழைய பிளான் மேல், அடியில் இருப்பது தெரியும் டிரேசிங் பேப்பரை விரித்து, பென்சிலால் கோடு போட்டுக்கொண்டே கேட்டார். விறகடுப்பு உண்டா? அம்மி எங்கே? சாரல் எந்தப் பக்கம் அடிக்கும்? தோட்டத்து லயத்தில் காலமெல்லாம் சமைத்த அம்மா, கோட்டின் மேலேயே விரலை வைத்து, "ஐயா, ஜன்னல் இங்க வேணாம், புகை உள்ளுக்கே வரும்" என்றார். உடனே அதன்மேல் இன்னொரு தாள். ஜன்னல் நகர்ந்தது. பழைய தாளை அவர் தூக்கிப் போடவில்லை. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து, எது மாறியது என்று அம்மாவுக்குக் காட்டினார். வரைபடம் என்றால் இப்படிப் பேச இடம் தர வேண்டும்.

அவருடைய பழைய மை வரைபடங்களையும் கேட்டுப் பாருங்கள். தப்பான கோட்டை பிளேடால் சுரண்டிய இடம், வெளிச்சத்தில் பிடித்தால் மெலிந்து தெரியும். அன்று நகல் எடுத்த விதத்தையும் சொன்னார்: இரும்பு உப்பு தடவிய தாளின் மேல் வரைபடத்தை வைத்து வெயில் காட்டிக் கழுவினால் தாள் நீலமாகும், மை மறைத்த கோடு மட்டும் வெள்ளையாக நிற்கும். 1842இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜான் ஹெர்ஷல் கண்டுபிடித்த முறை. கம்ப்யூட்டரில் பிளான் வரையும் ஆட்டோகேட் மென்பொருள் வந்ததோ 1982இல். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் ஹப்பாக் வடிவமைத்த கோலாலம்பூர் ரயில் நிலையமும் (1910), நமக்குப் பக்கத்திலேயே கோல கங்சாரில் இருக்கும் உபுடியா பள்ளிவாசலும் (1917) கைவரைபடங்களை வைத்துத்தான் எழுந்தன. அந்தக் குவிமாடங்களை இனி வேறு கண்ணோடுதான் பார்ப்பேன்.

நகராண்மைக் கழகத்துக்குப் போகும் பிளானை இங்கேயும் கம்ப்யூட்டரில்தான் செய்கிறார்கள். சரி, அளவு பிசகாது, திருத்துவதும் சுலபம். குறை என்றால், போன் எடுப்பதில்லை, கட்டணமும் முதலில் கேட்ட இடத்தைவிடக் கொஞ்சம் கூடுதல். நான் யோசிக்காமல் கொடுத்தேன். பென்சில் தாள்களைக் கேட்டால் தருகிறார், கட்டாயம் வாங்கிக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டைக் கட்டிய குத்தகையாளர் அதைப் பார்த்துத்தான் சிங்க்கை அம்மாவின் கைக்கு எட்டும் உயரத்தில் வைத்தார்.