புது திராட்டில் பாடிக்குப் பில், வண்டியில் இருப்பது பழையது

எஃப்.ஐ. பைக் (கார்புரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் பெட்ரோலைத் தெளிக்கும் வண்டி) வைத்திருப்பவர்கள், அதிலும் மலைப்பக்கம் ஓட்டுபவர்கள், சர்வீஸுக்கு விடும் முன் இதைப் படித்துவிடுங்கள்.

குன்னூர் டிசம்பர் குளிரில் என் வண்டி ஸ்டார்ட் ஆகும், ஸ்லோவில் நிற்காது. ஆக்சிலேட்டரை விட்டால் ஆஃப். கொஞ்சம் முறுக்கிப் பிடித்துச் சூடேற்றிவிட்டால் அப்புறம் நாள் முழுக்கத் தொந்தரவே இல்லை. கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டேன். வண்டியைத் தொடாமலே அட்வைசர் சொன்னார்: "திராட்டில் பாடி போச்சு சார், செட்டா மாத்திடணும்." இன்ஜினுக்குள் போகும் காற்றைக் கூட்டிக் குறைக்கும் பாகம் அது. பில் 11,800 ரூபாய்.

மறுநாள் காலை வண்டி ஸ்லோவில் அணையாமல் நன்றாகவே நின்றது. மேட்டுப்பாளையம் இறங்கும்போதுதான் வேலை காட்டியது. ஆக்சிலேட்டரை முழுக்க விட்டும் கொண்டை ஊசி வளைவில் வண்டி தள்ளிக்கொண்டே போகிறது. கீழே வந்து நிறுத்திப் பார்த்தால் ஆர்பிஎம் மீட்டரில் ஸ்லோ 2,200. மேனுவலில் இருப்பது 1,400.

குனிந்து பார்த்தேன். 'புது' திராட்டில் பாடியின் இடுக்கில் காய்ந்த செம்மண். திராட்டில் எவ்வளவு மூடலாம் என்று நிறுத்தி வைக்கும் ஸ்டாப் ஸ்குரூ மேல் கம்பெனியில் வைத்த மஞ்சள் பெயிண்ட் விரிசல் விட்டு, ஸ்குரூடிரைவர் பட்ட இடம் மட்டும் பளபளவென்று இருக்கிறது.

என்ன செய்திருக்கிறார்கள் என்பது புரிய இது தெரிய வேண்டும்: 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபின் கார்புரேட்டரோடு சோக்கும் நம் பைக்குகளிலிருந்து ஏறக்குறைய போய்விட்டது. அந்த வேலையை இப்போது ஈசியு என்ற வண்டியின் குட்டிக் கம்ப்யூட்டர் பார்க்கிறது. இன்ஜின் குளிர்ந்திருக்கிறது என்று டெம்பரேச்சர் சென்சார் சொன்னால், இன்ஜெக்டரைக் கூடுதல் நேரம் திறந்து பெட்ரோலைக் கூட்டும். என் வண்டி மாதிரி பலவற்றில், திராட்டிலுக்குப் பக்கவாட்டில் ஒரு சின்னக் காற்றுவழி உண்டு. அதை ஒரு குட்டி மோட்டார் திறந்து மூடும். குளிரில் திறந்து ஸ்லோவை ஏற்றும், சூடாக ஆக மூடி இறக்கும். அந்த வழியில் கார்பன் அடைத்தால் காலையில் காற்று போதாமல் இன்ஜின் அணையும். அதைச் சுத்தம் செய்யாமல் ஸ்டாப் ஸ்குரூவை முறுக்கிவிட்டால் திராட்டில் எப்போதும் கொஞ்சம் திறந்தே கிடக்கும். காலையில் சரியானதுபோலத் தெரியும். சூடான பிறகு ஸ்லோ இறங்காது. இறக்கத்தில் இது விளையாட்டு இல்லை.

மேட்டுப்பாளையத்தில் வெளி மெக்கானிக் ஒருவர் அந்த மோட்டாரைக் கழற்றிக் காட்டினார். முனையில் மை போல ஈரக் கரி. கிளீனர் அடித்துத் துடைத்து, ஸ்குரூவைப் பெயிண்ட் கோட்டுக்கே திருப்பி வைத்தார். ஸ்பிரே உட்பட 450 ரூபாய்.

உங்களிடமும் இப்படிச் சொன்னால் முதலில் ஈசியுவை ஸ்கேன் செய்து காட்டச் சொல்லுங்கள். ஆனால் சென்சார் பழுதுக்கு எரர் கோட் காட்டும், கார்பனுக்குப் பெரும்பாலும் காட்டாது. அதனால் சுத்தம் செய்து பார்த்தார்களா என்றும் கேளுங்கள். கழற்றிய பாகம் கைக்கு வர வேண்டும் என்று ஜாப் கார்டிலேயே எழுத வையுங்கள்.

நான் கேட்டதற்கு, "ஸ்கிராப்புக்குப் போயிடுச்சு சார்" என்றார்கள். பில்லையும் போட்டோக்களையும் கம்பெனிக்கு அனுப்பிவிட்டேன், நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகார் பதிந்திருக்கிறேன். நேற்று மேனேஜர் போன் செய்தார். பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அடுத்த சர்வீஸுக்கு வாட்டர் வாஷ் இலவசமாம்.